வானத்துச் செய்தி வரும் வழியில்



கல்வராயன் மலைப் பாதையில் நடந்து செல்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒருவர் விறகு பிளக்கிறார். கோடரி கட்டையில் விழுவதை நம் கண் உடனே கண்டுவிடுகிறது. அதன் ஓசையோ கோடரி மறுபடி தலைக்கு மேல் உயர்ந்த பிறகுதான் காதை எட்டுகிறது. மின்னலைக் கண்டபின் இடி முழங்கும் வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. மூன்று வினாடி சென்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தொலைவில் அடித்தது என்பது கணக்கு. ஏனெனில் ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் தூரமே செல்லும். ஆகவே தாமதம் என்பது ஒரு குறை மட்டுமன்று. தூரத்தை அளந்து சொல்லும் கோலும் ஆகும்.

ஒளியும் வானொலி அலையும் ஒலியைவிடப் பன்மடங்கு விரைவானவை. வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் பாய்பவை. ஆயினும் அவற்றுக்கும் வழி கடக்க நேரம் வேண்டும். செயற்கைக் கோள்களிலிருந்து வரும் அலைகள் இவ்வாறு தாமதிப்பதால் நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கும், கைப்பேசி காட்டும் திசைக்கும், இறுதியாக நம் நிலத்து வரப்புக்கும் என்ன நேருகிறது என்பதை இம்மாதம் காண்போம்.

நிழல் விழுந்த திரை

1975-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. கள்ளக்குறிச்சி அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கோபுரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை ஏறக்குறைய நேராகவே செல்லும். பூமியின் வளைவும் மலையின் முதுகும் அதை மறித்துவிடும். அதே 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக் கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை நம் நாடு ஒளிபரப்பிப் பார்த்தது. அந்த ஆறில் தமிழகம் இடம்பெறவில்லை. 1983-இல் விண்ணில் ஏவப்பட்ட இன்சாட்-1பி வந்த பிறகே, செயற்கைக் கோள் வழியாக வரும் நிகழ்ச்சியை ஆங்காங்கே சிறு கோபுரங்கள் வாங்கி, சுற்றுப்புறத்துக்கு மறு ஒளிபரப்புச் செய்யும் முறை நாடெங்கும் பரவியது.

அந்நாட்களில் கூரைமேல் மீன்முள் போன்ற அலுமினிய ஆன்டெனாவை நட்டு, ஒருவர் மேலே ஏறித் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து “தெரிகிறது, தெரியவில்லை” என்று குரல் கொடுத்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலையோரங்களில் மற்றொரு தொல்லையும் இருந்தது. திரையில் செய்தி வாசிப்பவரின் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர் நிற்பார்! ‘நிழல் விழுகிறது’ என்போம். அதன் காரணம் தாமதமே. கோபுரத்து அலை ஒன்று நேராக வந்து சேரும். அதே அலையின் மற்றொரு பகுதி எதிரே உள்ள பாறைச் சரிவில் மோதித் திரும்பிச் சற்றுப் பிந்தி வரும். அலை 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ வினாடி தாமதம். அதாவது ஒரு வினாடியைப் பத்து இலட்சமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. பழைய தொலைக்காட்சித் திரையில் படத்தின் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோ வினாடி ஆகும். எனவே 40 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையில் ஒரு மைக்ரோ வினாடித் தாமதம், நிழலை முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழச் செய்யும். நிழல் விழுந்த இடத்தை அளந்தால், அலை எவ்வளவு தூரம் சுற்றி வந்தது என்பதையே கணக்கிட்டுவிடலாம்.

தட்டு பார்க்கும் திசை

இன்று மலைக் கிராமத்துக் குடிசையிலும் சிறு கிண்ணத் தட்டு ஒன்று காணப்படுகிறது. தூர்தர்ஷனின் கட்டணமில்லா வீட்டு ஒளிபரப்பு 2004 டிசம்பரில் தொடங்கியது. அதைத் தாங்கும் ஜிசாட்-15 செயற்கைக் கோள், நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்பதுபோல் தோன்றுகிறது. ‘தோன்றுகிறது’ என்றது, அது பூமியோடு ஒத்த வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால். கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 பாகை உயரத்தில் இருக்கிறது. தட்டு அவ்வளவு அண்ணாந்து காணப்படாது. அதன் வளைவு அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. கோபுரத்து அலையை மறித்த மலை, இத்தனை உயரத்திலிருந்து இறங்கும் அலையை மறிக்க இயலாது. தென்கிழக்கே கிளை பரப்பி நிற்கும் பலா மரம்தான் மறிக்கும். கல்வராயன் மலையின் பள்ளத்தாக்குகளுக்குத் தொலைக்காட்சி தெளிவாக வந்தது இவ்விதமே.

அலை தரையிலிருந்து மேலே சென்று மறுபடி நம் தட்டுக்கு இறங்கச் சுமார் 72,000 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. செய்தி அறையில் இருப்பவர் கேள்வி கேட்டதும், வெளியூரில் செயற்கைக் கோள் இணைப்பில் நிற்கும் நிருபர் சற்று விழித்து நின்று பிறகு தலையசைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேள்வி போகக் கால் வினாடி, விடை வரக் கால் வினாடி. அந்த அரை வினாடியில் அவர் யோசிக்கவில்லை, கேட்கவே இல்லை!

ஆனால் கிரிக்கெட் ஆட்டத்தின்போது அடுத்த வீட்டில் முதலில் ஆரவாரம் எழுந்து, நம் வீட்டில் ஐந்தாறு வினாடி கழித்து விக்கெட் விழுகிறதே, அது ஏன்? வான்வழித் தூரத்தின்மேல் அந்தப் பழியைச் சுமத்துவது நியாயமன்று. படத்தைச் சுருக்கிக் கட்டுவதற்கும், கட்டியதை நம் பெட்டி அவிழ்ப்பதற்கும், இடையில் சேமித்து வைப்பதற்கும் ஆகும் நேரமே அதில் பெரும்பங்கு. இணையம் வழியே கைப்பேசியில் காண்பவர்க்கு இது இன்னும் கூடுதலாகும். இந்தத் தாமதத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. படம் முழுமையாக வந்தால் போதும். சிறிது பிந்தி வந்தால் என்ன?

வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் செய்தி வேறு. அங்கே வருவது படமன்று. தாமதமே அங்கு செய்தி.

மூன்று ஊர் மணிகள்

எளிய உவமையால் இதை விளக்கலாம். மலையில் மூடுபனி, நாம் நிற்கும் இடம் நமக்கே தெரியவில்லை. ஆனால் சுற்றியுள்ள ஊர்க் கோவில்களில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நண்பகல் மணி அடிப்பார்கள் என்பதும், அக்கோவில்கள் இருக்கும் இடமும் தெரியும். கையில் கடிகாரம் இருக்கிறது. ஓர் ஊர் மணி மூன்று வினாடி கழித்துக் கேட்டால் அந்த ஊர் ஒரு கிலோமீட்டர் தூரம். மற்றோர் ஊர் மணி ஆறு வினாடி கழித்துக் கேட்டால் அது இரண்டு கிலோமீட்டர். இரண்டு தூரங்களையும் வரைபடத்தில் வட்டமாகப் போட்டால், நாம் நிற்கும் இடம் அவை வெட்டும் புள்ளிகளில் ஒன்று.

நம் கடிகாரம் ஒரு வினாடி முந்தியோ பிந்தியோ இருந்தால்? எல்லாத் தூரமும் 340 மீட்டர் பிசகும். வட்டங்கள் ஒரே புள்ளியில் கூடமாட்டா. மூன்றாவது ஊர் மணி அந்தப் பிசகைக் காட்டிக்கொடுத்து நம் கடிகாரத்தைத் திருத்திவிடும். வானத்தில் உயரத்தையும் சேர்த்து அறிய வேண்டியிருப்பதால் நான்கு மணிகள் தேவை. கைப்பேசி தன் இருப்பிடத்தைச் சொல்லக் குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களை நாடுவது இதனால்தான்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஓயாமல் ஒலிபரப்புகிறது. தலைக்கு நேர் மேலுள்ள கோளிலிருந்து அலை வர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். இந்தத் தாமதத்தை அளப்பதில் ஒரு மைக்ரோ வினாடி தவறினால் 300 மீட்டர் தவறும். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால் 30 சென்டிமீட்டர். ஐன்ஸ்டீன் கண்ட சார்பியல் விதியின்படி, உயரத்தில் விரைந்தோடும் அக்கடிகாரங்கள் தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தூரக் கணக்கு சுமார் 11 கிலோமீட்டர் பிசகும். முன்னரே அறிந்து திருத்திவிடுவதால் அப்பிசகு நம்மை அண்டுவதில்லை.

நம் நாட்டின் நாவிக் அமைப்பும் இதே முறையில் அமைந்தது. அதன் முதல் செயற்கைக் கோள் 2013 ஜூலை 1-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. வெளிநாட்டில் வாங்கிய அதன் மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே பழுதாயின. கோள் வானில் நின்றது. ஆனால் நேரம் சொல்லாத கோளால் இடம் சொல்ல இயலவில்லை. 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக் கோளில்தான் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் முதன்முதலாக விண்ணேறியது.

தும்பா ஆலயமும் மின்னூட்ட வெளியும்

கடிகாரம் செம்மையாக இருந்தாலும் வழியில் ஒரு தடை உண்டு. பூமிக்கு மேல் நூறு கிலோமீட்டர் அளவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை அயனி மண்டலம் விரிந்திருக்கிறது. கதிரவனின் கடுங்கதிர்கள் அங்குள்ள அணுக்களைச் சிதைத்து மின்துகள்களாக ஆக்கிவிடுகின்றன. அவற்றின் ஊடே வரும் வழிகாட்டும் அலை சற்றுச் சுணங்குகிறது. அந்தச் சுணக்கம் தூரக் கணக்கில் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை கூட்டிக் காட்டும். நண்பகலுக்குப் பின் அது மிகும். விடியலுக்கு முன் மிகக் குறையும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அதன் ஆட்டம் அதிகம். அக்கோடு நம் தென்முனையை ஒட்டிச் செல்கிறது.

இதைக் கேட்கும்போது தும்பாவின் வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. திருவனந்தபுரத்தை அடுத்த அக்கடற்கரைச் சிற்றூரை டாக்டர் விக்ரம் சாராபாயும் தோழர்களும் தேடிச் சென்றதற்குக் காரணம், காந்த நடுக்கோடு அதனருகே சென்றதே. அங்கே நின்றது புனித மரிய மகதலேனாள் ஆலயம். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களும் பங்கு மக்களும் அந்த ஆலயத்தை விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அன்று மீனவக் குடும்பங்கள் விட்டுக்கொடுத்த இடத்திலிருந்து எந்த மேல்வெளியை ஆராயப் புறப்பட்டார்களோ, அதே மேல்வெளிதான் இன்று நம் கைப்பேசி காட்டும் புள்ளியை அசைத்துப் பார்க்கிறது. தும்பாவுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர்தான்.

இந்தச் சுணக்கத்தைத் திருத்தவும் வழி கண்டார்கள். இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் அமைத்த ‘ககன்’ திட்டத்தில் நாடெங்கும் 15 நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் இடம் முன்பே துல்லியமாகத் தெரியும். ஆகவே செயற்கைக் கோள் காட்டும் இடத்துக்கும் உண்மை இடத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டு, அத்திருத்தத்தைச் செயற்கைக் கோள் வழியே விமானங்களுக்கு அனுப்புகிறார்கள். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானத்துக் கிஷன்கர் விமான நிலையத்தில் பயணி விமானம் ஒன்று இதன் துணையோடு தரையிறங்கிச் சோதித்தது.

தொலைக்காட்சியின் அலைகள் மிகக் குறுகியவை. அயனி மண்டலம் அவற்றைப் பெரிதாகச் சுணங்க வைப்பதில்லை. ஆனால் கனமழை அவற்றை விழுங்கிவிடும்; படம் உறைந்து நிற்கும். வழிகாட்டும் அலைகள் மழைக்கு அஞ்சுவதில்லை. வெயில் சுடரும் பிற்பகல் வானமே அவற்றுக்குச் சோதனை.

ஓர் ஏக்கரும் ஐந்து மீட்டரும்

இவையெல்லாம் விஞ்ஞானிகளின் கவலை என்று இருந்துவிடலாமா? கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் மரவள்ளியும் விளையும் சிறு கொல்லைகளே வாழ்வு. தலைமுறையாகப் பயிரிட்டு வந்த வன நிலத்துக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோருவோர் நிலத்தை அளந்து காட்ட வேண்டியிருக்கிறது. அளப்பதற்குக் கையடக்கக் கருவியோ கைப்பேசியோ பயன்படுவதும் உண்டு.

ஓர் ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் ஏறத்தாழ 63.6 மீட்டர். அளவையில் பக்கத்துக்கு 5 மீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? பரப்பு 100 செண்டிலிருந்து 85 செண்டாகச் சுருங்கிவிடும். ஊர் தேடிச் செல்லும் மருத்துவ ஊர்திக்கு 5 மீட்டர் ஒரு பொருட்டன்று. ஏழைக் குடும்பத்தின் பட்டாவில் அது 15 செண்டு.

மலையில் இந்த ஆபத்து கூடுதலே. அயனி மண்டலத்தின் பிழை, அருகருகே ஒரே நேரத்தில் அளக்கும் இடங்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்; கொல்லையின் வடிவம் கெடாது, முழுக் கொல்லையும் சற்றுத் தள்ளி நிற்கும். பாறையில் மோதி வரும் எதிரொலி அலை அப்படிப்பட்டதன்று. பழைய தொலைக்காட்சியில் நிழல் விழச் செய்த அதே பாறைச் சரிவு, இன்று கொல்லையின் ஒரு மூலையை மட்டும் இழுத்துவிடும். மேலும், தாழ்ந்து நிற்கும் கோள்களை மலை மறைத்துவிடுவதால் நான்கு திசையிலும் பரவி நிற்க வேண்டிய சாட்சிகளில் சிலர் வராமற்போகிறார்கள்.

அளவைக் கலையில் இது புதிய பாடமன்று. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில் நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தின் மாபெரும் முக்கோண அளவை அங்கேயே பிறந்தது. சென்னை வெயிலில் சங்கிலி நீளும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டு, நீட்சியைக் கழித்துக் கணக்கிட்டார். பிழையில்லாத கருவி அவரிடம் இல்லை. பிழையின் அளவை அவர் அறிந்திருந்தார்.

அவ்வழியை நம் குடும்பங்களும் பின்பற்றலாம். அளவை பெரும்பாலும் காலையில் நடக்கட்டும். மரத்தடியிலும் பாறை ஓரத்திலும் நின்று அவசரமாகப் புள்ளி எடுக்க வேண்டாம். திறந்த வெளியில் ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடம் பொறுத்து நிற்கட்டும். அனைவரும் ஒப்புக்கொண்ட பழைய எல்லைக் கல் ஒன்றில் தொடக்கத்திலும் முடிவிலும் கருவியை வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தைக் காட்டாவிட்டால் அந்த வேற்றுமையே அன்றைய பிழையின் அளவு. அதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பக்கங்களை நாடா பிடித்தும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கருவி காட்டும் கோட்டுக்குள் நிலம் அடங்கவில்லை என்று யாரேனும் கோரிக்கையைத் தள்ளினால், சட்டம் சொல்வதையும் எடுத்துரைக்க வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, செயற்கைக் கோள் படமும் பிற தொழில்நுட்பமும் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்கு மாற்றாகக் கொள்ளப்படலாகாது. குடிசை, கட்டிய வரப்பு, சமன் செய்த நிலம், பழைய கிணறு, முன்னோரை அடக்கம் செய்த இடம் ஆகியவை அவ்விதிகளில் சான்றாக ஏற்கப்பட்டிருக்கின்றன. உரிமை கோருபவர் அல்லாத மற்றப் பெரியவர்கள் சொல்லி எழுத்தில் பதித்த வாக்குமூலமும் சான்றே.

எனவே அளவை நடக்கும் நாளில் கைப்பேசியோடு ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கொல்லைக்கு அழைத்துச் செல்லுங்கள். வானத்துக் கோள் சொல்வதைக் கருவி எழுதட்டும். இந்தக் கல்லை நட்டவர் யார், இந்தப் புளியமரத்தை வைத்தவர் யார் என்று அவர் சொல்வதையும் அதே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.